கடைசி ரெண்டு ஸ்டெப்: லாங் ஜம்ப்பை எங்கிருந்து சொல்லிக்கொடுக்க ஆரம்பிப்பது?

"சார், ஏர் வாக் எப்படி சார் போடுறது?"

கிரவுண்டுக்குப் புதிதாக வரும் பையன் யாராக இருந்தாலும் மூன்றாவது நாள் இதைக் கேட்டுவிடுவான். யாரோ ஒரு ஒலிம்பிக் வீரர் காற்றிலேயே நடந்துபோய் மணலில் விழுவதை செல்போனில் பார்த்திருப்பான். இந்த வருஷம் கேட்டவன் ஒன்பதாம் வகுப்பு, நெடுநெடுவென்று கால். "முதல்ல ஒரு தடவை தாண்டிக் காட்டுடா" என்றேன். ஓடிவந்து தாண்டி, காற்றில் ரெண்டு உதை உதைத்து விழுந்தான். 4.60 மீட்டர். "பாத்தீங்களா சார்?" என்றான். நான் அந்த உதையைப் பார்க்கவே இல்லை. கோட்டுக்கு நாலு ஸ்டெப் முன்னாலேயே அவன் வேகம் குறைந்ததையும், குட்டிக் குட்டியாகக் கால் மாற்றியதையும், குனிந்து கோட்டைத் தேடியதையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் தாண்டல் அங்கேயே முடிந்துவிட்டது.

லாங் ஜம்ப் என்ற பெயரில் 'ஜம்ப்' இருப்பதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம். என்னைக் கேட்டால் இது ஓட்டப்பந்தயம்தான். கடைசியில் ஒரு தாண்டல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கில் ஜெஸ்ஸி ஓவன்ஸ் 100 மீட்டர், 200 மீட்டர், தொடர் ஓட்டம், லாங் ஜம்ப் நான்கிலும் தங்கம் வாங்கினார். 1984-இல் கார்ல் லூயிஸ் அதே நான்கையும் வாங்கினார். ஓட்டக்காரனே நல்ல தாண்டுபவனாகவும் இருப்பது தற்செயல் இல்லை. பள்ளியில் லாங் ஜம்ப் பொறுப்பு தலையில் விழுந்த பி.டி. ஆசிரியர், பிள்ளையைக் காலையில் கிரவுண்டுக்குக் கூட்டிவரும் அப்பா, தம்பிக்குச் சொல்லிக்கொடுக்கும் அண்ணன் ஆகியோருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

விதிகளை வேகமாகப் பார்த்துவிடலாம். காலை ஊன்றி எழும்பும் பலகையான டேக்-ஆஃப் போர்டு 20 செ.மீ. அகலம், 1.22 மீட்டர் நீளம். மணல் பக்கம் இருக்கும் அதன் விளிம்புதான் ஃபவுல் கோடு. அதைத் தாண்டிக் கால் போனால் ஃபவுல். போர்டுக்கு முன்னாலேயே காலை வைத்தால் ஃபவுல் இல்லை, ஆனால் அந்த இடைவெளி உங்கள் கணக்கில் சேராது. மணலில் உடம்பு பட்ட தடங்களில் கோட்டுக்கு எது மிகப் பக்கமோ அங்கிருந்து கோட்டுக்கு நேர்செங்குத்தாக டேப் பிடிப்பார்கள். மிச்சமாக வரும் மில்லிமீட்டர்களைத் தள்ளிவிடுவார்கள். முன்னால் விழுந்துவிட்டுப் பின்னால் கையை ஊன்றினால் கை பட்ட இடம்தான் கணக்கு. உடம்போடு ஒட்டியிருக்கும் எதுவும் இதில் சேரும். இரட்டைச் சடை போட்டு ரிப்பன் கட்டிவரும் பெண் பிள்ளைகளை, போட்டி நாளன்று சடையை மடித்துக் கட்டிவரச் சொல்வது இதனால்தான்.

இன்னொன்று, பள்ளிப் பிள்ளைகள் அடிக்கடி மாட்டிக்கொள்வது: தாண்டி முடித்ததும் மணல் வழியாகவே பின்னால் நடந்து வருவார்கள். அது ஃபவுல். விழுந்த தடத்தைவிடத் தள்ளிப்போய்த்தான் மணலை விட்டு வெளியே கால் வைக்கணும். அருமையாகத் தாண்டிவிட்டு இதில் சிவப்புக் கொடி வாங்கி அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். முதல் நாளிலிருந்தே முன்பக்கமாக வெளியேறப் பழக்கிவிடுங்கள்.

ஒரு செ.மீ. என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு: 2021-இல் நைரோபியில் நடந்த 20 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் நம்முடைய ஷைலி சிங் தாண்டியது 6.59 மீட்டர். தங்கம் வாங்கிய ஸ்வீடன் பெண் 6.60.

காற்றில் என்ன செய்தாலும் தூரம் கூடாதா?

ஒரு கல்லை எறிகிறீர்கள். கையை விட்டபிறகு அதை இன்னும் கொஞ்சம் தூரம் போக வைக்க முடியுமா? தாண்டுபவனும் அப்படித்தான். கால் போர்டை விட்ட அந்தக் கணத்தில் எவ்வளவு வேகம், எந்தக் கோணம் என்பது தீர்ந்துவிடுகிறது. அதற்குப்பிறகு அவன் இடுப்பு போகும் வளைவு மாறாது. கையை வீசலாம், காலை உதைக்கலாம், வளைவு அதே வளைவுதான். காற்றில் செய்வதற்கு வேறு பயன் இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

ஒரு கணக்கு. நம் ஒன்பதாம் வகுப்புப் பையன் நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் போர்டை விடுகிறான், காற்றில் 0.6 நொடி இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். இடுப்பு 4.2 மீட்டர் போகும். மேலே எழும்புவது அப்படியே இருக்க, வேகம் மட்டும் நொடிக்கு அரை மீட்டர் கூடினால்? 4.5. ஏர் வாக் இல்லாமலே 30 செ.மீ. வந்துவிட்டது.

பிளஸ் ஒன் இயற்பியல் படித்தவன் இங்கே ஒரு கேள்வி கேட்பான்: "எறிபொருள் 45 பாகையில போனாத்தானே சார் அதிக தூரம்?" கல்லுக்குச் சரி. ஏனென்றால் எந்தக் கோணத்தில் எறிந்தாலும் கை கொடுக்கும் வேகம் ஏறக்குறைய ஒன்றுதான். மனிதன் முன்னால் ஓடும்போது நொடிக்கு 10 மீட்டர் எடுக்க முடியும். ஆனால் போர்டில் கால் இருப்பதோ 0.12 நொடி அளவுக்கு. அதற்குள் மேல்நோக்கி எடுக்க முடிகிற வேகம் உலக வீரர்களுக்கே 3 மீட்டருக்குக் கொஞ்சம் மேல்தான். 45 பாகை வேண்டுமென்றால் ஓடும் வேகத்தையும் அதே 3-க்குக் குறைக்கணும். அப்போது ஓடிவந்து தாண்டுவதும் நின்ற இடத்திலிருந்து தாண்டுவதும் ஒன்றாகிவிடும். அதனால்தான் நல்ல தாண்டல்கள் 20 பாகையை ஒட்டியே இருக்கின்றன.

அந்த 20-ஐ ஒட்டியும் ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு. 1991 ஆகஸ்ட் 30, டோக்கியோ உலகப் போட்டி. கார்ல் லூயிஸ் அன்று ஒரே போட்டியில் நாலு முறை 8.80-க்கு மேல் தாண்டினார். அதில் ஒன்று காற்று உதவிய 8.91. அப்படியும் தோற்றார். மைக் பவல் ஐந்தாவது வாய்ப்பில் 8.95 தாண்டிவிட்டார். 1968-இல் மெக்சிகோ நகரில் பாப் பீமன் வைத்த 8.90-ஐ முறியடித்த தாண்டல் அது. உலக சாதனையாக இன்னும் நிற்கிறது. படமெடுத்து அளந்தவர்கள் கண்டது: ஓடிவந்த வேகத்தில் லூயிஸ்தான் அதிகம். ஆனால் அவர் போர்டை விட்ட கோணம் 18 பாகை அளவு, பவலுடையது 23 அளவு. பவல் கொஞ்சம் வேகத்தைக் கொடுத்து நிறைய உயரத்தை வாங்கிக்கொண்டார். லாங் ஜம்ப் பயிற்சி என்பது முழுக்க இந்தக் கொடுக்கல் வாங்கல்தான். கொஞ்சமாகக் கொடுத்து நிறைய வாங்கணும். அந்த வியாபாரம் நடக்கிற இடம் கடைசி ரெண்டு ஸ்டெப்.

ரன்-அப்: போர்டிலிருந்து பின்னோக்கி

முதலில் எந்தக் காலில் எழும்புவது? பிள்ளையை நொண்டி ஆடச் சொல்லுங்கள். எந்தக் காலில் தானாக நொண்டுகிறதோ பெரும்பாலும் அதுதான் டேக்-ஆஃப் கால். ஒரு வாரம் ரெண்டு காலிலும் தாண்ட வைத்துப் பார்த்து முடிவு செய்யலாம். வலது கைக்காரனுக்கு வலது கால்தான் என்று நீங்களாகத் தீர்மானிக்க வேண்டாம். இடது காலில் எழும்பும் வலது கைக்காரர்கள்தான் நிறைய.

அடுத்து எத்தனை ஸ்டெப். வயசுக்கு ஒரு ஸ்டெப் என்று பயிற்சியாளர்களிடம் ஒரு கைக்கணக்கு உண்டு. 12 வயசுக்கு 12. சரியாக அப்படியே இருக்க வேண்டியதில்லை, ஆனால் 11 வயசுப் பிள்ளை உலக வீரரைப் பார்த்து 20 ஸ்டெப் எடுத்தால் பாதியிலேயே உச்ச வேகம் வந்து, போர்டுக்கு வரும்போது இறங்கிக்கொண்டிருக்கும். புதியவர்களை நான் 8 அல்லது 10 ஸ்டெப்பில்தான் ஆரம்பிக்கிறேன். இரட்டைப்படை எண்ணாக வைத்துக்கொண்டால் ஒரு வசதி: டேக்-ஆஃப் காலை, ஓட்டம் தொடங்கும் மார்க்கில் முன்னால் வைத்து நின்றால், கடைசி ஸ்டெப்பில் அதே கால்தான் போர்டில் விழும். எண்ணிக் குழம்ப வேண்டியதில்லை.

மார்க் கண்டுபிடிக்க மணலுக்குப் போகவே வேண்டாம். டிராக்கிலோ வெறும் தரையிலோ சுண்ணாம்பில் ஒரு கோடு போடுங்கள். டேக்-ஆஃப் காலைக் கோட்டில் வைத்து நிற்கச் சொல்லி, முழு வேகம் எடுத்து ஓடவிடுங்கள். பத்தாவது ஸ்டெப் எங்கே விழுகிறது என்று நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். ஐந்தாறு முறை ஓடவிட்டால் தடங்கள் ஒரு இடத்தில் குவியும். அந்தக் குவியலின் நடு இடம்வரை டேப்பால் அளந்து, அதே தூரத்தைப் போர்டிலிருந்து பின்னோக்கிப் பிடித்தால் தொடங்கும் இடம் கிடைத்துவிடும். டேப் இல்லாத பிள்ளைகள் குதிகாலோடு கட்டைவிரல் ஒட்டப் பாதத்தாலேயே அளந்து மனப்பாடம் செய்துகொள்வார்கள். "எனக்கு 74 அடி சார்" என்பார்கள். அது போதும். போட்டிக்குப் போனால் ஓடுபாதையின் ஓரத்தில் ரெண்டு அடையாளம்வரை வைத்துக்கொள்ளலாம். சாக்பீஸ் கோடு கூடாது, டேப் ஒட்டலாம்.

தொடக்கம் ஒரே மாதிரி இருக்கணும், இதில் நான் பிடிவாதம். சில பிள்ளைகள் நாலு அடி நடந்து, ஒரு துள்ளல் போட்டு, பிறகு ஓடுவார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் துள்ளல் ஒருநாள் பெரிதாகும், ஒருநாள் சிறிதாகும். அந்த வித்தியாசம் முழுக்கப் போர்டில் வந்து நிற்கும். புதியவர்களுக்கு நின்ற இடத்திலிருந்து தொடங்குவதே நல்லது. முதல் சில ஸ்டெப்பில் உடம்பு முன்சாய்ந்து தரையைத் தள்ளணும். பிறகு மெதுவாக நிமிரணும். கடைசி நாலு ஸ்டெப்பில் தலை நேராக, இடுப்பு உயர்ந்து நிற்க, முழங்கால் மேலே வரணும்.

கண் எங்கே? எல்லோரும் சொல்வது: "போர்டைப் பார்க்காதே." பாதிதான் உண்மை. 1982-இல் டேவிட் லீயும் உடனிருந்தவர்களும் தாண்டுபவர்களின் தடங்களை ஸ்டெப் ஸ்டெப்பாக அளந்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரே ஆள் ஒரே ரன்-அப்பைத் திரும்பத் திரும்ப ஓடினாலும் தடம் விழும் இடத்தில் சின்னச் சின்ன வித்தியாசம் சேர்ந்துகொண்டே போகிறது. போர்டுக்குச் சில ஸ்டெப் முன்னால்வரை அப்படி. அதற்கப்புறம் திடீரென்று வித்தியாசம் சுருங்குகிறது. அதாவது கண் போர்டைப் பிடித்து, ஸ்டெப்பை அதற்கேற்ப மாற்றிக்கொள்கிறது. கண் அந்த வேலையைச் செய்யத்தான் வேண்டும். கூடாதது என்னவென்றால், கடைசி ரெண்டு ஸ்டெப்பில் தலையைக் கவிழ்ப்பது. தலை கவிழ்ந்தால் நெஞ்சு கவிழும், நெஞ்சு கவிழ்ந்தால் இடுப்பு பின்தங்கும். எங்கள் கிரவுண்டில் மணல் குழிக்கு அந்தப் பக்கம் ஒரு வேப்பமரம் இருக்கிறது. "கடைசியில மரத்து உச்சியப் பாரு" என்பேன். அவ்வளவுதான் பாடம்.

இங்கே நான் செய்த ஒரு தப்பைச் சொல்லணும். பல வருஷம் முன்னால், ஒரு மாவட்டப் போட்டி. என் மாணவி முதல் தாண்டலில் உள்ளங்கை அகலத்துக்கு ஃபவுல். தொடங்கும் மார்க்கை அரை அடி பின்னால் தள்ளினேன். ரெண்டாவதும் ஃபவுல். இன்னும் ஒரு அடி தள்ளினேன். மூன்றாவது முன்னதைவிட மோசமான ஃபவுல். கணக்கில் ஒரு தாண்டல்கூட இல்லாமல் வீடு திரும்பினோம். பஸ்ஸில் அவள் பேசவே இல்லை. பிறகுதான் உறைத்தது. அவள் தொடக்கத்தில் தப்பே செய்யவில்லை. போர்டை நெருங்கியதும் காலை நீட்டி நீட்டி எட்டிப் போட்டிருக்கிறாள். நான் பின்னால் தள்ளத் தள்ள, போர்டு தூரமாகத் தெரிந்து இன்னும் அகலமாக எட்டியிருக்கிறாள்.

அதிலிருந்து போர்டுக்கு 6 ஸ்டெப் முன்னால் எனக்கென்று ஒரு மார்க் வைத்துக்கொள்கிறேன். செக் மார்க் என்பார்கள். பிள்ளைக்கு அதைச் சொல்ல வேண்டியதே இல்லை, பார்ப்பது நான். செக் மார்க்கில் கால் சரியாக விழுந்து, போர்டில் தப்பினால் கோளாறு கடைசி 6 ஸ்டெப்பில், தொடக்கத்தைத் தொடக்கூடாது. செக் மார்க்கிலேயே தள்ளி விழுந்தால் அப்போதுதான் தொடங்கும் இடத்தை மாற்றணும். எதிர்க்காற்று பலமாக அடிக்கும் நாளில் ஸ்டெப் சுருங்கும், அன்று மார்க்கைப் போர்டுப் பக்கமாக நகர்த்தணும். பின்காற்றுக்கு நேர்மாறாக.

அந்தக் கடைசி ரெண்டு

வாய்க்கால் தாண்டும் பிள்ளையைக் கவனித்திருக்கிறீர்களா? யாரும் சொல்லிக்கொடுக்காமலே, கரைக்கு ஒரு ஸ்டெப் முன்னால் லேசாக அமுங்கி, கடைசிக் காலைச் சட்டென்று வைத்து எழும்பும். லாங் ஜம்ப்பும் அதுதான். கடைசிக்கு முந்தின ஸ்டெப் வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளம்; அதில் இடுப்பு சில செ.மீ. தாழ்கிறது. கடைசி ஸ்டெப் சின்னது, வேகமானது. உலக வீரர்களிடம் இந்த ரெண்டுக்கும் நடுவில் 20 செ.மீ. அளவுக்கு வித்தியாசம் இருக்கும். தாழ்ந்த இடுப்பு கடைசிக் காலின்மேல் ஏறிக்கொண்டிருக்கும்போதே போர்டைத் தள்ளுவதால்தான், வேகம் அதிகம் சாகாமல் உயரம் கிடைக்கிறது.

இதைப் பிள்ளையிடம் "இடுப்பைத் தாழ்த்து" என்று சொன்னால் உட்கார்ந்துவிடும். வேகம் போய்விடும். சொல்லாமல் தாளமாகக் கொடுங்கள். ஓட்டம் "தட்-தட்-தட்-தட்" என்று ஒரே சீராக வருகிறது, கடைசியில் "தாஆ… தட்!" நான் பக்கத்தில் நின்று கைதட்டிக் காட்டுவேன். 5 ஸ்டெப் ரன்-அப்பில் தரையில் சாக்பீஸால் கடைசி மூன்று காலடிகளின் இடத்தைக் கோடு போட்டு, முந்தின இடைவெளியை ஒரு சாண் கூட்டி, கடைசி இடைவெளியைக் கொஞ்சம் குறைத்து வைத்து, அதில் கால் போட்டு ஓடச் சொல்வேன். ரெண்டு வாரத்தில் காது பிடித்துக்கொள்ளும். அதற்கப்புறம் பிள்ளையே "இப்ப தாளம் தப்பிருச்சு சார்" என்று சொல்லும். அந்த நாள் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

போர்டில் கால் எப்படி விழணும்? முழுப் பாதமும் தட்டையாக, உடம்புக்குக் கொஞ்சம் முன்னால். குதிகாலை முட்டுக்கொடுப்பது போலக் குத்தினால் அது பிரேக். சத்தத்திலேயே தெரிந்துவிடும்: நல்ல டேக்-ஆஃப் 'டப்' என்று கேட்கும், பிரேக் போட்டது 'டமார்' என்று கேட்கும். குதிகால் வலி என்று வரும் பிள்ளைகளில் நிறையப் பேர் இந்த டமார் கோஷ்டிதான். கால் மேலிருந்து கீழாகவும், லேசாகப் பின்னோக்கியும் வரணும், தரையை வாரி இழுப்பது மாதிரி. அதே நேரத்தில் மற்ற காலின் முழங்கால் முன்னால் ஏறி, தொடை தரைக்கு இணையாக நின்றுவிடணும். நெஞ்சு நிமிர்ந்து, எதிர்க்கை முன்னால் வரணும்.

நீட்டி எட்டிப் போடுவது பற்றி மேலே சொன்னேனே, அதை ஒரே வார்த்தையில் பிள்ளைக்கு விளங்க வைக்க நம் ஊர்ப் பழமொழியே போதும்: அகலக் கால் வைக்காதே. கடைசி ஸ்டெப் அகலமானால் கால் உடம்புக்கு வெகு முன்னால் போய் நின்றுவிடுகிறது. உடம்பு அதன்மேல் ஏறிவருவதற்குள் வேகம் செத்துவிடுகிறது. இதற்கு நேர் எதிரான நோய், குட்டிக் குட்டி ஸ்டெப் போட்டுப் போர்டைத் தேடுவது. ரெண்டில் எது மோசம் என்றால் எனக்கு ரெண்டாவதுதான். முதலாமவன் வேகத்தோடாவது வருகிறான், திருத்தலாம். குட்டி ஸ்டெப்காரன் பயந்து வருகிறான். அவனுக்குச் சில வாரம் போர்டையே காட்டக்கூடாது. ஒரு மீட்டர் அகலத்துக்கு மண்ணில் சுண்ணாம்பைத் தூவி, "இதுக்குள்ள எங்க வேணா கால் வை" என்று விட்டு, எழும்பிய இடத்திலிருந்தே அளந்து சொல்லுங்கள். வேகம் திரும்பி வந்துவிடும். பிறகு அந்த வெள்ளையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கலாம்.

(சர்வதேச அளவிலும் இந்த யோசனை வந்தது. தாண்டல்களில் மூன்றில் ஒன்று ஃபவுலாகப் போகிறது என்று சொல்லி, 2024-இல் உலகத் தடகள அமைப்பு போர்டுக்குப் பதில் ஓர் அகலமான டேக்-ஆஃப் பகுதியைச் சோதிக்கப்போவதாக அறிவித்தது. ஏப்ரல் முதல் தேதிக்குச் சொல்ல வேண்டிய ஜோக் என்று கிண்டல் செய்தார் கார்ல் லூயிஸ். பயிற்சிக்கு அது நல்ல கருவி. போட்டிக்கு வேண்டாம் என்பதே என் கட்சியும்.)

சரி, ஏர் வாக்

டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறீர்கள், டிரைவர் பிரேக் அடிக்கிறார். கால் நின்றுவிடுகிறது, மேலுடம்பு முன்னால் விழுகிறது. போர்டில் கால் ஊன்றும்போதும் இதே கதைதான்: கால் ஒரு கணம் நிற்க, மேலுடம்பு முன்னால் சுழல ஆரம்பிக்கிறது. காற்றில் அந்தச் சுழற்சியை அப்படியே விட்டால் முகம் குப்புற விழுவோம், கால் சீக்கிரமே மணலைத் தொட்டுவிடும். காற்றில் கைகால் செய்வதெல்லாம் இந்தச் சுழற்சியைச் சமாளிக்கத்தான்.

மூன்று பாணி உண்டு. எழும்பிய உடனே ரெண்டு காலையும் முன்னால் கூட்டி உட்கார்ந்த மாதிரி போவது செயில். புதியவர்களுக்கு அதுவே போதும். ஆனால் உடம்பைச் சுருக்கினால் சுழற்சி வேகமாகும் என்பதால் அவசரப்பட்டுச் சுருட்டக்கூடாது. உடம்பை நீட்டி, கையை மேலே தூக்கி, காற்றில் தொங்குவது போலப் போவது ஹேங். நீண்ட உடம்பு மெதுவாகச் சுழலும். 5 மீட்டரைத் தாண்டுகிற பிள்ளைக்கு இதைச் சொல்லித்தரலாம். ஹிட்ச் கிக் என்பதுதான் பிள்ளைகளின் ஏர் வாக்: காற்றில் கையையும் காலையும் ஓடுவது போலச் சுழற்றி, உடம்பின் சுழற்சியை அவற்றில் இறக்கிவிடுவது. அதை முழுதாகச் செய்யக் காற்றில் நேரம் வேண்டும். 4.60 தாண்டுபவனிடம் அந்த நேரம் இல்லை. பாதி உதையில் மணல் வந்துவிடும். சுழற்சியோடு சண்டை போடாமல் அதோடு சேர்ந்து கரணம் அடித்தே தாண்டலாமே என்றும் சிலர் முயன்றார்கள். 1970-களின் நடுவில் அது தடைசெய்யப்பட்டது; பிள்ளைகள் விளையாட்டுக்குக்கூட முயலக்கூடாது, கழுத்து போய்விடும்.

விழுவதில்தான் மலிவான செ.மீ.க்கள் இருக்கின்றன, ஆனால் யாரும் பழகுவதில்லை. குதிகால் முன்னால் போகணும், கை மேலிருந்து கீழாக வீசிப் பின்னால் வரணும், குதிகால் மணலைத் தொட்டதும் முழங்கால் விட்டுக்கொடுத்து, இடுப்பு தடத்தைத் தாண்டி முன்னாலோ பக்கவாட்டிலோ வழுக்கிப் போகணும். இதற்கு ரன்-அப்பே வேண்டாம். குழி விளிம்பில் நின்று தாண்டச் சொல்லி, விழும் இடத்தில் மணல்மேல் ஒரு ரிப்பனை நீட்டிப்போட்டு, "குதிகால் ரிப்பனுக்கு அந்தப் பக்கம், உக்கார்ற இடமும் அந்தப் பக்கம்" என்று பந்தயம் கட்டினால் சின்னப் பிள்ளைகள் அரை மணி நேரம் விடாமல் ஆடுவார்கள். உட்கார்ந்து விழுபவனுக்கு 20, 30 செ.மீ. இதிலேயே திரும்பக் கிடைக்கும்.

ஆனால் அதற்கு மணல் மணலாக இருக்கணும். லீவு முடிந்து வந்தால் குழி தார்ரோடு மாதிரி இறுகிக் கிடக்கும். முதல் வேலை மண்வெட்டி. ஒரு முழமாவது கொத்திப் புரட்டி, கண்ணாடிச் சில்லு, முள், நாய் விட்டுப்போனது எல்லாவற்றையும் பொறுக்கி, தண்ணீர் தெளித்து, ஓடுபாதை மட்டத்துக்குச் சமப்படுத்துங்கள். ஈர மணலில் தடம் தெளிவாக விழும், அளப்பதில் சண்டை வராது.

முழு ரன்-அப்பில் ஒரு நாளைக்கு ஆறு, எட்டு தாண்டலுக்குமேல் வேண்டாம். வாரத்துக்கு ரெண்டு நாள் போதும். டேக்-ஆஃப்பில் அந்த ஒற்றைக் கால் வாங்குவது உடம்பு எடையைப்போலப் பல மடங்கு. வளரும் வயசில் குதிகாலும் முழங்காலும் அதை எண்ணிக்கொண்டே இருக்கும். மீதி நாளெல்லாம் ஓட்டம், 5 ஸ்டெப் தாண்டல், தாளம்.

இந்தியாவில் இந்த விளையாட்டு வளர்ந்த விதத்தைப் பார்த்தாலும் நிதானமாகக் கூடவே நின்று பார்த்தவர்கள்தான் தெரிகிறார்கள். 2003-இல் பாரிஸ் உலகப் போட்டியில் 6.70 தாண்டி வெண்கலம் வாங்கி, அடுத்த வருஷம் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 6.83 தாண்டிய அஞ்சு பாபி ஜார்ஜுக்குப் பயிற்சியாளர் அவர் கணவர் ராபர்ட் பாபி ஜார்ஜ். ஷைலி சிங்கை வளர்த்தவரும் அவரே. முரளி ஸ்ரீசங்கருக்குப் பயிற்சியாளர் அப்பா முரளி, அவரே முன்னாள் டிரிபிள் ஜம்ப் வீரர். தூத்துக்குடி மாவட்டம் முதலூர்ப் பையன் ஜெஸ்வின் ஆல்ட்ரின் 2023 மார்ச்சில் பெல்லாரி அருகே 8.42 தாண்டித் தேசிய சாதனை வைத்தபோது, எங்கள் கிரவுண்டில் பிள்ளைகள் 8.42-ஐத் தரையில் டேப் பிடித்து அளந்து, அந்த முனையிலிருந்து இந்த முனையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "இவ்ளோ தூரமா சார்?" என்றான் ஒருவன்.

போட்டி நாள்

எல்லோருக்கும் மூன்று வாய்ப்பு. முதல் எட்டுப் பேருக்கு இன்னும் மூன்று. என் பிள்ளைகளுக்குச் சொல்வது: முதல் தாண்டல் பதிவாகணும். மார்க்கை ஒரு சாண் பின்னால் வைத்துக்கொண்டு, முழு வேகத்தில் வந்து, போர்டின் எந்த இடத்தில் வேண்டுமானாலும் எழும்பு. 1968-இல் மெக்சிகோவில் பாப் பீமனே தகுதிச் சுற்றில் ரெண்டு முறை ஃபவுல் செய்துவிட்டு நின்றார். போர்டுக்கு முன்னாலேயே எழும்பிவிடு என்று சக அமெரிக்க வீரர் ரால்ஃப் பாஸ்டன் சொன்ன யோசனையைக் கேட்டுத்தான் மூன்றாவதில் தப்பித்தார். மறுநாள் 8.90.

முன்னிலையில் இருக்கும் பிள்ளை கடைசி வாய்ப்புகளை ஏனோதானோவென்று தாண்டுவதையும் விடாதீர்கள். சமம் என்று வந்தால் ரெண்டாவது சிறந்த தாண்டலைத்தான் பார்ப்பார்கள். 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் ஸ்ரீசங்கரும் பஹாமாஸின் லக்வான் நைர்னும் ஒரே 8.08. நைர்னின் அடுத்த தாண்டல் 7.98, ஸ்ரீசங்கருடையது 7.84. தங்கம் நைர்னுக்குப் போனது. அதனால் கடைசித் தாண்டல் அளந்து முடியும்வரை ஸ்பைக்ஸ் காலிலேயே இருக்கட்டும். கூல்டிரிங்க்ஸ் கடைக்கு அப்புறம் போய்க்கொள்ளலாம்.